பிழைப்பும் அறமும்



பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்ட பிள்ளையைப் பார்த்து நாம் முதலிற் கேட்பது, "என்ன உத்தியோகத்துக்குப் போகப் போகிறாய்?" என்பது. அடுத்துக் கேட்பது, "சம்பளம் எவ்வளவு?" என்பது. இவ்விரண்டு வினாக்களுக்கும் இடையில் நாம் பெரும்பாலும் கேளாமல் விட்டுவிடும் மூன்றாவது வினா ஒன்று உண்டு. "அந்தத் தொழிலாற் பிறருக்கு விளைவது நன்மையா, தீமையா?" என்பதே அது.

ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த புத்தர் பெருமான் இந்த வினாவைத் தமது அறநெறியின் ஓர் உறுப்பாகவே அமைத்தார். அவர் காட்டிய எண்வகை மார்க்கத்தில் ஐந்தாவதாக நிற்பது நல்வாழ்க்கை. பாளி மொழியில் அதனைச் சம்மா ஆஜீவம் என்பர். ஆஜீவம் என்றால் உயிர் வாழ்வதற்குக் கைக்கொள்ளும் வழி. நம் வழக்கிற் சொல்வதானால் பிழைப்பு. நற்சொல், நற்செயல், நல்லூக்கம், நற்றியானம் என்னும் வரிசையிலே பிழைப்புக்கும் ஓர் ஆசனம் கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு ஓர் ஒழுக்கம், விகாரைக்கு ஓர் ஒழுக்கம், கடைக்கு வேறோர் ஒழுக்கம் என்று வாழ்வைக் கூறுபோட அவர் இடந்தரவில்லை.

இல்லறத்தார் செய்யலாகாத வாணிகங்கள் ஐந்து என்று அங்குத்தர நிகாயம் கூறுகின்றது. படைக்கலம் விற்றல், உயிர்களை விற்றல், ஊன் விற்றல், மயக்கந்தரும் பொருள்களை விற்றல், நஞ்சு விற்றல் என்பன அவை. உயிர்களை விற்றல் என்பதற்கு மனிதரை விற்றல் என்று உரைகாரர் பொருள் கொண்டனர். இவை ஐந்தும் வாணிகங்கள் என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். வாள் விற்பவன் தன் கையால் எவரையும் வெட்டுவதில்லை. கள் விற்பவன் ஒரு துளியும் அருந்தாதவனாக இருக்கலாம். "நான் விற்றேன்; வாங்கியவன் செய்ததற்கு நானா பொறுப்பு?" என்று அவன் கேட்கலாம். அந்தச் சமாதானத்தைத்தான் பௌத்த அறம் ஏற்றுக்கொள்ள மறுக்கின்றது.

இது பழங்கதை அன்று. நம் நாட்டிலேயே கண்கூடான சான்று உண்டு. பயிர்களுக்குத் தெளிக்கும் கிருமிநாசினிகள் ஒரு காலத்தில் எளிதாக விற்கப்பட்டன. மனமுடைந்தோர் பலரின் உயிரை அவை பறித்தன. 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளுள் ஒன்றாக இலங்கை இருந்தது. 1995இலும் 1998இலும் மிகக் கொடிய நஞ்சுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மக்களின் துயரமெல்லாம் அதற்குள் தீர்ந்துவிடவில்லை. கைக்கெட்டிய கொடிய நஞ்சு விலகியது, அவ்வளவே. கடைத் தட்டில் எதை வைக்கிறோம், எதை வைக்காமல் விடுகிறோம் என்பது எத்தனை உயிர்களைத் தொடும் காரியம் என்பதை இதனால் உணரலாம்.

இனி, விலக்கிய ஐந்தனுள் ஒன்றையும் செய்யாதவன் குற்றமற்றவன் ஆகிவிடுவானா? அதுவும் இல்லை. வஞ்சித்தல், முகத்துதி பேசல், குறிப்பாற் கேட்டுப் பெறல், சிறு பொருளைக் காட்டிப் பெரும் பொருளைக் கவர்தல் ஆகியனவும் தீய பிழைப்பே என்று மஜ்ஜிம நிகாயம் உரைக்கின்றது. வெண்ணிற ஆடையணிந்து மேசைமுன் அமர்ந்திருப்பவரும் ஏழையின் மனுவை நகர்த்துவதற்குக் கையூட்டுப் பெறுவாராயின், அவரது உத்தியோகமும் தவறணை நடத்துவதினும் மேலானது என்று சொல்வதற்கில்லை.

வேலை கொடுப்போருக்கும் கடமை உண்டு. வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயுற்ற காலத்துப் பராமரிப்பு, தக்க காலத்தில் ஓய்வு என்பவற்றைப் பணியாளருக்கு அளிக்கவேண்டும் என்று சிகாலன் என்னும் இளைஞனுக்குப் புத்தர் எடுத்துரைத்தார்.

"சொல்வது எளிது, குடும்பத்துக்கு யார் சோறு போடுவது?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் நம் மணிமேகலைக் காப்பியத்தைப் பார்க்கவேண்டும். அதை இயற்றியவரே ஒரு தொழிலால் அறியப்பட்டவர். கூலவாணிகன் சாத்தனார் என்பது அவர் பெயர்.

அக்காப்பியத்திலே சாதுவன் என்னும் வணிகன் கப்பல் உடைந்து நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். கரையேறுவோரைக் கொன்று தின்பது அந்நாகரின் வழக்கம். அவர்தம் மொழியை அறிந்திருந்ததாற் சாதுவன் உயிர் தப்பித் தலைவனிடம் சென்று அறம் பேசுகிறான். கள்ளையும் ஊனையும் விட்டால் எங்களால் உயிர் தரிக்க இயலாது. எங்களுக்கு இயலக்கூடிய அறம் யாது என்று அத்தலைவன் கேட்கிறான். சாதுவன் அவனை இகழவில்லை. எல்லாவற்றையும் இன்றே துறந்துவிடு என்றும் சொல்லவில்லை. கலமுடைந்து வருவோரின் உயிரைக் காப்பாற்று. முதுமையுற்று இறந்த விலங்கையன்றி வேறெவ்வுயிருக்கும் தீங்கு செய்யாதே என்கிறான். தலைவனும் இசைகின்றான்.

"எமக்கு இயலக்கூடியது யாது?" என்னும் அந்த வினாவே நமக்கு வழிகாட்டி. அசோக மன்னனும் தனது ஐந்தாம் தூண் சாசனத்தில், குறித்த சில நாட்களில் மீன் கொல்லுதலையும் விற்றலையும் விலக்கினான். இன்றும் போயா தினங்களில் நம் நாட்டு மதுக்கடைகள் மூடப்படுகின்றன. ஒரு நாள் நிறுத்தம் முழு அறம் ஆகாது. ஆனால் நிறுத்த இயலும் என்பதை அது காட்டுகிறது.

ஆகவே, தொழில் தேடும் இளைஞரே, தெரிவு செய்யும் வாய்ப்பு உமக்கு இருக்கும்போதே அந்த மூன்றாவது வினாவைக் கேட்டுக்கொள்ளும். ஏற்கெனவே மனம் ஒப்பாத தொழிலில் அகப்பட்டிருப்போர் தம்மை வெறுக்கவேண்டியதில்லை. பொய்யான நிறையை விடலாம். சிறுவனுக்குச் சாராயமும் சிகரெட்டும் விற்க மறுக்கலாம். வேறு கைத்தொழில் ஒன்றை மாலை வேளையிற் பழகலாம். பிள்ளையை அத்தொழிலில் இறக்காமல் விடலாம். அவர்களைக் குறைகூறும் நாமோ, அவர்கள் விலகிவர முயலும்போது வேறொரு வேலை கொடுக்க முன்வருவோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், ஒருவன் நேர்மையாகப் பிழைப்பதற்கு அவன் மனவுறுதி மட்டும் போதாது. அயலாரின் கையும் வேண்டும்.