ஒரே ஊர், இரண்டு கூட்டாளிகள்

போர்ட் கிள்ளானில் கப்பல் சங்கு ஊதும் காலையில், கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலுக்குப் போய் வருவோம். அவ்வூரின் எழுத்தாளர் கூட்டாளிகள் இருவரில் கு. அழகிரிசாமி 1952இல் கோலாலம்பூருக்கு வந்து, 'தமிழ் நேசன்' பத்திரிகையில் ஐந்தாண்டு வேலை பார்த்தார். இன்னொருவர் கி. ராஜநாராயணன். கரிசல் காட்டு விவசாயி; அப்போது ஊரிலேயே இருந்தார். அழகிரிசாமியின் கடிதங்கள்தான் அவரைத் தேடிப் போயின.

கி.ரா.வின் 'மாயமான்' கதை 1958இல் 'சரஸ்வதி' இதழில் வந்தபோது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. 'கோபல்ல கிராமம்' நாவலுக்கு 1976 ஆயிற்று. பருத்தி வெடிக்கக் காத்திருந்து பழகியவருக்கு ஒரு சொல்லுக்குக் காத்திருப்பதா பெரிய பாடு? நமக்கோ கொல்லையில் இரண்டு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றவே நேரமில்லை என்கிறோம்! அவர் தொண்ணூறைத் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தார்.