பாரசீகப் பந்தியில் சைவம்: தோட்டத்துச் சொற்கள் காட்டும் வழி



மொழியை வளர்க்கும் மன்றத்தின் மேடையில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பயணத்தில் உணவு கிடைக்காமல் வருந்துகிறவர்களுள் பலர் உண்மையில் சொல் கிடைக்காமல் வருந்துகிறார்கள் என்பதே இன்றைய உரையின் கருத்து. அதனால் இது மொழிக்குரிய பொருளே.

லாபு, லின்சம், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என்று தோட்டத்தின் பெயரைச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட தலைமுறையின் பிள்ளைகள் நாம். நெகிரி செம்பிலானின் நீலாய்க்கு அருகே, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த செப்பாங்கில், 1998இல் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. பால்மரக் காட்டைத் தாண்டிச் சிரம்பானுக்குப் போவதே பெரும்பயணமாக இருந்த குடும்பங்களிலிருந்து இன்று உலகெங்கும் செல்கிறார்கள். அவர்களுள் சிலர் இஸ்பஹான், ஷிராஸ் போன்ற ஈரானிய நகரங்களைக் காண விரும்புகிறார்கள். வேறு பலர் கோலாலம்பூரிலும் துபாயிலும் லண்டனிலும் ஈரானியர் நடத்தும் உணவகங்களில் அமர்கிறார்கள். விரதம் காக்கும் ஒருவர் அங்கே அமர்ந்ததும் எழும் முதற்கேள்வி, "நமக்கு ஏற்றது இங்கே என்ன இருக்கிறது?" என்பது.

பாரசீக உணவு என்றதும் நெருப்பில் வாட்டிய கபாப் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. ஆகவே பலர் முறுக்கும் ரொட்டித்துண்டும் பையில் எடுத்துச் சென்று, பந்தியில் அமராமலே திரும்பிவிடுகிறார்கள். வேறு சிலர் கூச்சத்தால் எதிரில் வைத்ததை உண்டு, பிறகு மனம் நோகிறார்கள். இரண்டுமே இழப்புத்தான். முதலாமவர் விருந்தோம்புபவரின் அன்பை இழக்கிறார். மற்றவர் தாம் ஏற்ற நோன்பை இழக்கிறார். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு. அந்த வழியை நம் தோட்டத்து வாழ்க்கை ஏற்கெனவே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

தோட்டத்தில் 'சைவம்' என்ற சொல் எப்படி வழங்கியது என்பதை முதலில் நினைத்துப் பார்ப்போம். ஒரே லயத்தில் முனியாண்டிக்குக் கிடா வெட்டிப் படையலிட்டவர்களும் இருந்தார்கள். அவர்களே தைப்பூசத்திற்குக் காவடி எடுக்க விரதம் பூண்டார்கள். புரட்டாசியிலும் கந்த சஷ்டியிலும் அடுப்பு மாறியது, சட்டி மாறியது, கரண்டியும் மாறியது. நம்மில் பெரும்பாலோருக்குச் சைவம் என்பது பிறப்போடு வந்த அடையாளம் அன்று. காலம் வகுத்துக் காக்கும் நோன்பு. எனவே, 'காய்கறி உண்பவர்' என்று பிற மொழிகளில் சொல்லும்போது நம் சொல்லின் பாதிதான் போய்ச் சேர்கிறது.

மீதிப் பாதியைச் சுமப்பது 'கவுச்சி' என்ற சொல். ஆட்டிறைச்சி, கோழி, மீன், முட்டை, கருவாடு, இறைச்சி வெந்த நீர், இறைச்சிக் குழம்பில் இட்ட கரண்டி ஆகிய அத்தனையையும் அந்த ஒரு சொல் அடக்கிவிடுகிறது. "கவுச்சி கலக்கக் கூடாது" என்று ஒரு பாட்டி சொல்லிவிட்டால், வீட்டில் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இந்தச் சொல் இல்லாத இடத்தில் நாம் என்ன செய்தோம்? மலாய்க் கடையில் 'சாயோர்' மட்டும் வேண்டும் என்று கேட்டால், கங்கோங் கீரை வரும். அதிலே பெலாச்சான் இருக்கும். நம் மாநிலத்தின் பெருமைக்குரிய மாசாக் லெமாக் சிலி அப்பி, மரவள்ளித் தளிரும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்ந்து பார்வைக்கு முழுச் சைவமாகவே தோன்றும். பல வீடுகளில் அதில் நெத்திலியும் சேரும். கடைக்காரர் நம்மை ஏமாற்றவில்லை. அவர் மொழியில் 'சாயோர்' என்பது தட்டில் உள்ள காயின் பெயர். நாம் விலக்கும் பொருளின் பெயர் அன்று. இதை உணர்ந்த நம் முன்னோர் கேள்வியை மாற்றினார்கள். காய் வேண்டும் என்று கேட்பதோடு நிற்காமல், பெலாச்சான் உண்டா, ஈக்கான் பிலிஸ் உண்டா, முட்டை உண்டா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். பள்ளிக்கூடம் காணாத பால்வெட்டுத் தொழிலாளியும் செய்த மொழிபெயர்ப்பு இது. ஒரு சொல்லைப் பிரித்து, அதன் உள்ளடக்கத்தை மற்றொரு மொழியில் வரிசையாக அடுக்கும் மொழிபெயர்ப்பு.

பாரசீகப் பந்தியிலும் தேவைப்படுவது இதே முறைதான். பாரசீகத்தில் 'சப்ஸ்' என்றால் பச்சை நிறம். 'சப்ஸி' என்றால் கீரையும் மணத்தழையும். ஈரானியரின் புகழ்பெற்ற குழம்பு 'கோர்மே சப்ஸி'. பெயரில் கீரை இருக்கிறது. பானையிலோ கீரையோடும் சிவப்பு அவரையோடும் உலர்ந்த எலுமிச்சையோடும் ஆட்டிறைச்சியும் வேகிறது. நமக்குச் 'சாயோர்' கற்பித்த பாடத்தைச் 'சப்ஸி' மறுபடியும் கற்பிக்கிறது.

இறைச்சிக்குப் பாரசீகத்தில் 'கூஷ்த்' என்று பெயர். ஆனால் அன்றாடப் பேச்சில் அது பெரும்பாலும் ஆடு, மாட்டின் இறைச்சியையே குறிக்கும். கோழிக்கு 'மோர்க்', மீனுக்கு 'மாஹி', முட்டைக்குத் 'தொக்மெ மோர்க்' என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. கூஷ்த் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கலாம். இது நமக்குப் புதிதன்று. நம் பேச்சிலும் 'கறி' என்றால் இறைச்சி. இலங்கைத் தமிழர் 'மரக்கறி' என்றால் காய். மலேசியக் கடையில் 'கறி' என்றால் குழம்பு. ஒரே சொல் மூன்று தட்டுகளில் மூன்று பொருளாக அமர்கிறது. ஆகவே நம் 'கவுச்சி'யைப் பாரசீகத்தில் நான்காகப் பிரித்துச் சொல்ல வேண்டும்: கூஷ்த், மோர்க், மாஹி, தொக்மெ மோர்க். இவற்றோடு 'நெமிகொரம்', அதாவது 'உண்பதில்லை' என்ற வினையைச் சேர்த்துவிட்டால் செய்தி முழுமை பெறும். இறைச்சி வெந்த நீரையும் மறவாமல் கேட்க வேண்டும். கஞ்சி போன்ற உணவுகளில் அது கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கக்கூடும்.

காய்கறி உணவினரைக் குறிக்கும் 'கியாஹ்கார்' என்ற சொல்லும் பாரசீகத்தில் உண்டு. 'கியாஹ்' என்றால் தாவரம். நவீனப் பாரசீக இலக்கியத்தின் முன்னோடியான சாதெக் ஹெதாயத் இறைச்சி உண்ணாதவர். காய்கறி உணவின் நன்மைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1927இல் பெர்லினில் வெளிவந்தது. அவருடைய 'குருட்டு ஆந்தை' என்ற நாவல் முதலில் பம்பாயில்தான் சிறிய அளவில் படியெடுக்கப்பட்டது. புலால் மறுத்தல் பாரசீக மொழி அறியாத எண்ணம் அன்று என்பதற்கு அவர் ஒருவரே போதுமான சான்று. ஆயினும் அச்சொல் முட்டையையும் விலக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் சைவம் முட்டையை விலக்குகிறது; கியாஹ்கார் ஒருவர் முட்டை உண்பவராக இருக்கலாம்.

இனி, அந்தப் பந்தியில் நமக்கு உரியவை யாவை என்று காண்போம். முட்டை விலக்காதவருக்குக் கீரைகளை முட்டையோடு சேர்த்துப் பொரித்த 'கூக்கூ சப்ஸி' உண்டு. சுட்ட கத்தரிக்காயும் பூண்டும் தக்காளியும் முட்டையும் சேர்ந்த 'மிர்சா காசெமி' உண்டு. இது காஸ்பியன் கடற்கரையை ஒட்டிய கீலான் பகுதியின் உணவு. முட்டையையும் விலக்குபவருக்கு 'கஷ்க்கெ பாதெம்ஜான்' ஏற்றது. கத்தரிக்காயைப் பொரித்து மசித்து, 'கஷ்க்' என்ற புளித்த பாற்பொருளை மேலே ஊற்றித் தருவார்கள். 'ஆஷெ ரெஷ்தே' என்பது கொண்டைக்கடலையும் அவரையும் பருப்பும் கீரையும் மாவு இழைகளும் கலந்த கெட்டியான கஞ்சி. இறைச்சிநீர் சேர்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டால் ஒரு கிண்ணமே வயிறு நிறைக்கும். பருப்பும் உலர்திராட்சையும் கலந்த 'அதஸ் போலோ' சோற்றை இறைச்சி இன்றிக் கேட்டு வாங்கலாம். இவற்றோடு வெள்ளரி கலந்த தயிர், புதினா மணக்கும் உப்பு மோராகிய 'தூக்', பச்சைத் தழைத் தட்டு, சூடான நான் ஆகியவையும் உண்டு. இறுதியில் குங்குமப்பூவும் பன்னீரும் சேர்த்த 'ஷோலெ சர்த்' வரும்போது, அரிசியும் சர்க்கரையும் குழைந்த அந்த இனிப்பு நம் சர்க்கரைப் பொங்கலின் உறவாகவே தோன்றும்.

பன்னீர் என்றதும் ஒரு சொல்லெச்சரிக்கை தேவைப்படுகிறது. தமிழில் பன்னீர் என்பது மலர் மணக்கும் நீர். பாரசீகத்தில் 'பனீர்' என்றால் பாலாடைக்கட்டி. நம் பன்னீரை அவர்கள் 'கோலாப்' என்பார்கள். குலாப் ஜாமூன் என்ற பெயரில் அச்சொல் நம்மிடமும் வந்து தங்கியிருக்கிறது. அதுபோலவே, அவர்களுடைய 'போலோ' நம் புலாவின் மூலம்; நம் 'புலால்' என்ற சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை. ஒலி ஒத்திருப்பதால் பொருளும் ஒத்திருக்கும் என்று கொள்ளலாகாது.

ஆயினும் உண்மையான உறவுச் சொற்களும் பல உள. பாதாம், பிஸ்தா, நான் ஆகியவை பாரசீகத்திலிருந்து நமக்கு வந்தவை. மலாய்வழி நாம் அன்றாடம் வழங்கும் பாசார், அங்கோர், கிஸ்மிஸ் ஆகிய சொற்களும் பாரசீக மூலமுடையவை. தோட்டத்துச் சமையலறை ஒவ்வொன்றிலும் இருந்த மாவுப் பையில் 'தெப்போங் கண்டும்' என்று அச்சிட்டிருக்கும். அந்தக் 'கண்டும்' கோதுமைக்கான பாரசீகச் சொல்லே. கத்தரியைக் குறிக்கும் 'பாதெம்ஜான்' நேர்மாறாக இந்தியாவிலிருந்து அங்கே சென்ற சொல்; அதன் வேரைத் தமிழின் 'வழுதுணை'யோடு இணைத்துப் பார்க்கும் மொழியியலாளரும் உளர்.

பாரசீகச் சோற்றுப்பானையின் அடியில் பொன்னிறமாகப் பிடித்த பகுதிக்குத் 'தாதிக்' என்று பெயர். 'தாஹ்' என்றால் அடி, 'தீக்' என்றால் பானை. மலாயில் அதுவே 'கேராக் நாசி'; தமிழில் காந்தல். விறகடுப்புச் சோற்றின் காந்தலுக்குப் போட்டியிட்ட நம் பிள்ளைகளைப் போலவே, ஈரானிய வீடுகளிலும் தாதிக்குக்குப் போட்டி உண்டு. விருந்தினருக்கு அதைத் தருவது சிறப்பு.

சொற்களை அறிந்தால் மட்டும் போதாது. மறுக்கும் முறையையும் அறிய வேண்டும். ஈரானியரிடம் 'தாரோஃப்' என்ற உபசார மரபு உண்டு. உணவை நீட்டும்போது விருந்தினர் முதலில் வேண்டாம் என்பதும், விருந்தளிப்பவர் மீண்டும் வற்புறுத்துவதும் அம்மரபின் இயல்பு. "போதும், போதும்" என்று நாம் கைநீட்டித் தடுத்தாலும் நம் பந்தியில் இன்னொரு கரண்டி விழுவதில்லையா? அதைப் போன்றதே. ஆகவே வெறும் 'வேண்டாம்' அங்கே பணிவாகவே கொள்ளப்படும். தட்டில் இறைச்சி விழுந்துவிடும். காரணத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேர்த்திக்கடனுக்கு அவர்களிடம் 'நஸ்ர்' என்று பெயர். நேர்ந்துகொண்டு ஆஷ் காய்ச்சி அண்டை அயலாருக்கு வழங்கும் வழக்கமும் உண்டு. அவர்கள் நேர்த்தி உணவைக் கொடுப்பதில் இருக்கிறது. நம் நேர்த்தி உணவை விலக்குவதிலும் இருக்கிறது. வேண்டுதல் என்றால் என்ன என்பதை அறிந்த மக்களிடம் இதனை விளக்குவது கடினமன்று. உண்டு முடித்தபின் 'தஸ்தெ ஷொமா தர்த் நகொனெ' என்று சொல்வது அவர்கள் முறை. 'உங்கள் கை வலிக்காதிருக்கட்டும்' என்பது அதன் பொருள். சமைத்த கையை வாழ்த்தும் அந்தச் சொல்லைச் சொன்னபின், நாம் தொடாத தட்டை யாரும் குறையாக எண்ணமாட்டார்கள்.

அன்பர்களே, இங்கே நம் கவலை ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இருந்த இடங்கள் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. லயங்களோடு சொற்களும் போகின்றன. கவுச்சி, காந்தல், படையல், பசியாறுதல் ஆகியவற்றை நகரத்தில் வளரும் நம் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்? தன் மொழியில் கவுச்சி என்றால் என்ன என்று அறியாத பிள்ளை, பாரசீகத்தில் எதைப் பிரித்துக் கேட்கும்? 'வெஜிடேரியன்' என்ற ஒற்றைச் சொல்லோடு போய், கிடைத்ததை உண்டு வரும். அல்லது பட்டினியோடு வரும்.

ஆகவே இம்மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வழங்கிய உணவுச் சொற்களை, அவற்றைப் பேசிய முதியோர் நம்மிடையே இருக்கும்போதே திரட்ட வேண்டும். ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் அது எவற்றை உள்ளடக்கும், எவற்றை விலக்கும் என்று எழுத வேண்டும். மலாயிலும் பாரசீகத்திலும் பிற மொழிகளிலும் அவற்றைக் கேட்கும் முறையைச் சேர்த்தால், அது அகராதியாகவும் பயணக் கையேடாகவும் பயன்படும். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தம் பாட்டிமார்களிடம் கேட்டே இதன் முதற்பகுதியைத் தொகுத்துவிடலாம்.

வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். மறுப்பதைத் தெளிவாகவும் அன்பாகவும் பிறர் மொழியில் சொல்லக் கற்பது நம் காலத்தின் கடமை. அப்படிச் சொல்லக் கற்றவர் எந்த நாட்டுப் பந்தியிலும் தலைநிமிர்ந்து அமரலாம், பசியாறியும் எழலாம்.