மீண்டும் ஏடெடுத்தோர்



நம் பாலசமுத்திரத்திலிருந்து திண்டுக்கல்லைக் கடந்து மதுரைச் சாலையில் சென்றால் காந்திகிராமம். 1947இல் அதனைத் தம் கணவர் கோ. இராமச்சந்திரனுடன் நிறுவிய டாக்டர் சௌந்தரம் அம்மையார், அதற்கு முன்பே இளமையில் மணந்து, இளமையிலேயே முதற் கணவரை இழந்தவர். பெற்றோர் துணைநிற்க மீண்டும் ஏடெடுத்து, 1936இல் தில்லி லேடி ஹார்டிஞ்சுக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றபோது அகவை 32.

டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். வளமான இல்லம், ஆகவே இயன்றது என்பீர்கள். உண்மைதான். ஆயினும் வளமிருந்தும் கைம்பெண்ணை மூலையில் இருத்திய இல்லங்களே அந்நாளில் மிகுதி. வளமற்றோர்க்கும் வழிவேண்டுமென்றே, துர்காபாய் தேஷ்முக் முயற்சியால், மத்திய சமூக நல வாரியம் 1958இல் வயதுவந்த பெண்டிர்க்குச் சுருக்கப் பாடத்திட்டம் வகுத்தது.

நம் வட்டத்துக் கவிஞர் ஒருவர் நாற்பதைக் கடந்தபின் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தார். மாமியார் படுக்கையில் வீழ்ந்த ஆண்டு தேர்வை விட்டுவிட்டார். "கவியரங்கிற்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டோமேயன்றி, தேர்வெழுதினீர்களா என்று நாம் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இவ்வாண்டு அவர் மீண்டும் பணம் கட்டியிருக்கிறார். தேர்வு நாள்கள் ஐந்து. முதல் மூன்று நாள் அம்மூதாட்டிக்குத் துணையாக நானும் என் மகளும் இருப்போம். எஞ்சிய இரு நாளுக்கு ஆள் வேண்டும்; கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.