நாளுக்கு ஒரு குறள்



நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழை எழுத்துக் கூட்டிப் படிக்கவோ திணறுகின்றனர். கோடை விடுமுறையில் வகுப்பு நடத்துகிறோம். பள்ளி திறந்ததும் யாவும் மறந்துபோகின்றன. ஒரு மாதத்து ஆர்வம் அவ்வளவுதான் தாங்கும்.

திருக்குறளில் உள்ளவை 1,330 குறட்பாக்கள். நாளுக்கு ஒன்றாகத் தவறாது படித்தால் 3 ஆண்டு 8 மாதத்திற்குள் நூல் முற்றுப்பெறும். 7 வயதில் தொடங்கும் குழந்தை 11 வயது நிரம்புமுன் முடித்துவிடும். குறளுக்கு ஏழே சீர்கள். வாசித்து ஒருமுறை எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பொருள் விளக்கம் பிறகு வரட்டும். முதலில் கண்ணுக்கு எழுத்துப் பழக வேண்டும். பரிசுகளில் நமக்கு அத்துணை நம்பிக்கையில்லை. பெற்றோர் உடன் அமர்வதே பெரிது. ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டாகச் சுமத்த வேண்டா; விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

நூற்பிரதிகள் வாயிலருகே உள்ளன. இன்றிரவே தொடங்க விரும்புவோர் பெற்றுச் செல்லலாம்.