தொலைபேசிக் கம்பியில் புகும் இரைச்சல்

(பெரியகுளம் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களிடையேயும் விவசாயிகளிடையேயும் நிகழ்த்திய உரை)



இணைய இணைப்பைப் பற்றிப் பேசுவதற்கு ஊராட்சிக் கூட்டம்தானா இடம் என்று தங்களில் சிலர் எண்ணக்கூடும். பட்டா நகலும் சிட்டாவும் சாதிச் சான்றிதழும் இன்று கணினியின் வழியாகவே நம் கைக்கு வருகின்றன. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளன்று விண்ணப்பம் கொடுக்க வந்து நிற்கும் விவசாயிக்கு, அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்தால் அன்றைய வேலை கெடும். சமயத்தில் அவ்வாண்டுக் காப்பீடே கைநழுவிப் போகும். ஆகவே இஃது ஊர்ப் பொது விஷயம் என்றே நாம் கருதுகிறோம்.

பாரத் சஞ்சார் நிகம் நிறுவனம் 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் அகன்ற அலைவரிசைச் சேவையைத் தொடங்கியபோது, அதற்கெனப் புதிய கம்பி எதையும் வீடுகளுக்கு இழுக்கவில்லை. பேசுவதற்கென முன்பே போட்டிருந்த செப்புக் கம்பி இணையே அதற்கும் பாதையாயிற்று. இதனையே டி.எஸ்.எல். என்கிறோம். பின்னர் கண்ணாடி இழை வரத் தொடங்கிற்று; தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழையைக் கொண்டு செல்வதே பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். எனினும் பழைய கம்பியை நம்பியிருக்கும் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே கம்பியில் பேச்சும் இணையமும் எவ்வாறு செல்கின்றன? நம் குரல் 4 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வுகளில் அடங்கிவிடும். இணையச் செய்தியோ ஏறத்தாழ 26 கிலோ ஹெர்ட்ஸில் தொடங்கி 1,100 வரையிலும், பிந்திய முறையில் 2,200 வரையிலும் செல்லும். இரண்டையும் பிரித்து வைப்பது ஃபில்டர் எனப்படும் வடிகட்டி. கம்பிச் சுருளும் மின்தேக்கியும் கொண்ட இச்சிறு பெட்டி ஒரு சல்லடையைப் போன்றது; தாழ்ந்த அதிர்வைத் தொலைபேசிக்கு விடும், உயர்ந்ததைத் தடுத்துவிடும்.

வடிகட்டியை மோடத்திற்கு மாட்டுவதே பலர் செய்யும் பிழை. அது மாட்டப்பட வேண்டியது தொலைபேசிக்கு. வீட்டில் மூன்று தொலைபேசிகள் இருந்தால் மூன்றுக்கும் வேண்டும். முன்கூடத்தில் ஒழுங்காக மாட்டிவிட்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் இழுத்த துணைத் தொலைபேசியை மறந்துவிடுவோம். மணி அடிக்கும்போது கம்பியில் 75 வோல்ட் அளவில் மின்சாரம் பாய்கிறது. வாங்கியை எடுத்தவுடன் கம்பியின் நிலையும் மாறுகிறது. வடிகட்டியற்ற அந்த ஒரு கருவியால் மோடத்தின் இணைப்பு முறியும். அழைப்பு வரும் போதெல்லாம் இணையம் போகிறது என்பாரின் வீட்டில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். வரும் கம்பியை முதலில் இரண்டாகப் பிரித்து ஒன்றை மோடத்திற்கும் மற்றொன்றைத் தொலைபேசிகளுக்கும் விடும் ஸ்பிளிட்டர் ஒன்றை வாசலிலேயே வைத்துவிட்டால் இத்தொல்லை குறையும்.

இனி, வெளியிலிருந்து புகும் இரைச்சல். வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்னும் சிற்றூரில் 18 மாத காலம் நாள்தோறும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதிலும் இணையம் தடுமாறிற்று. கம்பிகளை மாற்றினார்கள், பயனில்லை. கடைசியில் பொறியாளர்கள் மின் அலைகளை அளக்கும் கருவியுடன் விடியற்காலையில் தெருத்தெருவாய் நடந்தனர். சரியாக 7 மணிக்குக் கருவி துள்ளிற்று. ஒரு வீட்டில் அந்நேரத்தில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைப் போடுவது வழக்கம். அதிலிருந்து கிளம்பிய மின் இரைச்சலே ஊரை வாட்டியது. வீட்டுக்காரர் அன்றே அதை நிறுத்திவிட்டார். 2020-ஆம் ஆண்டு வெளியான இச்செய்தியில் நாம் கவனிக்க வேண்டியது, குறை கம்பியிலும் இல்லை, நிறுவனத்திலும் இல்லை என்பதே. ஒரு வீட்டின் மின்கருவி பத்து வீட்டுக் கம்பியைக் கெடுக்கக்கூடும்.

நம் பக்கத்தில் தொலைக்காட்சியைவிட மின்வேலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மலையடிவாரத் தோப்புகளில் பன்றிக்கென அமைக்கும் சூரிய மின்வேலி, ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை மின் துடிப்பை அனுப்புகிறது. செடிகொடி படர்ந்தோ, காப்புக் குமிழ் விரிசல் கண்டோ வேலியில் பொறி பறந்தால், அத்துடிப்பு அருகிலுள்ள தொலைபேசிக் கம்பியில் ஏறும். தொலைபேசியில் கடிகாரம் போல் டக், டக் என்ற ஓசை சீராகக் கேட்குமாயின் வேலியைப் போய்ப் பாருங்கள். படர்ந்ததை வெட்டுதல், குமிழை மாற்றுதல், வேலிக்கம்பி தொலைபேசிக் கம்பியோடு இணையாக நெடுந்தூரம் ஓடாமல் பார்த்தல், வேலியின் நிலத்தொடர்புக் கம்பியை மற்ற நிலத்தொடர்புகளினின்று குறைந்தது 10 மீட்டர் தள்ளி நடுதல் ஆகியவை செலவில்லாத வைத்தியம். வீட்டு மின்சாரத்தை நேரே வேலியில் விடுவதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அது சட்டவிரோதம், உயிரைக் குடிப்பது.

பம்பு செட்டின் ஸ்டார்ட்டர், மலிவான எல்.இ.டி. விளக்கு, செல்பேசிச் சார்ஜர் முதலியனவும் இரைச்சல் எழுப்புபவையே. கோடை இடியின்போது மோடத்தின் கம்பியையும் மின் இணைப்பையும் கழற்றி வைப்பதே நலம். மின்னலுக்கு எந்த வடிகட்டியும் ஈடுகொடுக்காது.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க அபர்ஹோசனின் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. திருச்சி வானொலியை மத்திய அலையில் கேட்ட பெரியவர்களின் வீட்டுப் பரணில் டிரான்சிஸ்டர் ஒன்று இருக்கும். மத்திய அலை 531 முதல் 1,602 கிலோ ஹெர்ட்ஸ் வரை, டி.எஸ்.எல். செல்லும் பாதையின் ஒரு பகுதியும் அதுவே. நிலையம் ஏதும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ஒவ்வொரு கருவியின் அருகிலும் கொண்டு செல்லுங்கள். எங்கே கரகரப்பு ஓங்குகிறதோ அதை அணைத்துப் பாருங்கள். அதற்கு முன்பாக, வீட்டினுள் கம்பி நுழையும் இடத்திலேயே மோடத்தை மட்டும் மாட்டி, மற்ற யாவற்றையும் கழற்றிவிட்டு ஒருநாள் பார்ப்பது அவசியம். இணைப்பு நிலைத்தால் குறை வீட்டுக்குள், நிலைக்காவிடில் வெளியே. மழை பெய்தபின் மட்டும் கெடுமாயின், பெரும்பாலும் கம்பி இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கும்; அது நிறுவனத்தார் வேலை.

புகார் செய்யுமுன் ஊராட்சி அலுவலகத்தில் ஓர் ஏடு வையுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில் இணைப்பு அறுந்தது, அப்போது மும்முனை மின்சாரம் இருந்ததா, மழை பெய்ததா என்பவற்றை எவரும் வந்து எழுதலாம். பல வீடுகளின் நேரம் ஒத்திருந்தால், பழுது பார்க்க வருபவர் வீண் அலைச்சலின்றி அந்நேரத்திற்கே வந்து நிற்பார். ஏட்டுடன் எழுதுகோலையும் கயிற்றால் கட்டி வைப்பது நன்று. இல்லாவிடில் மறுநாள் அது அங்கே இராது.