பாறை வெடிப்பும் பெண் படிப்பும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் மண்ணில் கால் வைத்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் மூட்டை கட்டி வந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாரம் தாங்காமல் பாறை திடீரென வெடிக்கும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்றார்கள்.

மேலே லைன் வீடுகளில் தரை அதிரும், பாத்திரம் உருளும். உடனே ஷாஃப்ட் வாசலுக்கு ஓடியவர்கள் யார்? நம் தாய்மார்கள்! நிலநடுக்கத்தை முதலில் அளந்த கருவி அவர்கள் நெஞ்சுதான். ஆனால் பாறை ஏன் வெடிக்கிறது என்று ஆராய்ந்த மேஜையில் அவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது?

பெண்கள் பூமிக்கடியில் வேலை செய்வதை 1935இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை தடுத்தது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவும் தடுத்தது. கைக்குழந்தையோடு நிலக்கரி சுமந்த கொடுமை அதனால் ஒழிந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கூலிக்காரிக்கு அடைத்த கதவு, படித்த பெண்ணுக்கும் அடைபட்டது. பாதுகாப்பு என்றார்கள். சயனைடு மேட்டுத் தூசி நம் அடுப்படியில் படிந்தபோது அந்தப் பாதுகாப்பு எங்கே போயிற்று?

பாறையியலை ஆராயும் தேசிய நிறுவனம் 1988இல் நம் தங்கவயலில்தான் தோன்றியது. 2019இல் மத்திய அரசு, தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்குப் பெண்கள் பகலில் சுரங்கத்துக்குள் இறங்கலாம் என்று அறிவித்தது. 2021இல் ஜார்க்கண்டின் ஆகாங்க்ஷா குமாரி, கோல் இந்தியாவின் நிலத்தடிச் சுரங்கத்தில் முதல் பெண் பொறியாளராகப் பொறுப்பேற்றார்.

கவனியுங்கள் தோழர்களே! திறந்தது பட்டம் பெற்றவளுக்கான கதவு. நம் பெண்ணை பி.யூ.சி.யோடு நிறுத்தி பெங்களூர் ரயிலில் கூலி வேலைக்கு ஏற்றினால், அந்தக் கதவு நமக்கு மூடியதுதான்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆபத்து மூடப்படவில்லை. கீழே தண்ணீர் நிரம்பிய சுரங்கங்கள். மேலே விஷ மேடுகள். மூடிய பிறகும் பாறை வெடித்து நிலம் அதிர்ந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதை அளக்கவும் மக்களை எச்சரிக்கவும் ஆள் வேண்டும். இந்த மண்ணில் பிறந்தவளைவிட உரிமையுள்ளவள் யார்?

ஆகவே நாம் கேட்கிறோம்: புவியியல், சுரங்கப் பொறியியல் படிக்கும் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்கு அரசு உதவித்தொகை தரட்டும். பேரிடர்க் குழுக்களில் பெண்களுக்குப் பாதி இடம் தரட்டும். பெற்றோர்களே, மகனுக்குக் கட்டும் கல்லூரிப் பணத்தை மகளுக்கும் கட்டுங்கள்!

வாசலில் காத்து நின்றது போதும். உள்ளே போய் அளப்போம்.