முகாம் முடிந்த மறுநாள்

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே!

உங்களில் பலர் விடுமுறையில் வீட்டுக்குப் போகாமல் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போனவர்கள். இன்று உங்களிடம்தான் கூடுதலாகப் பேசப்போகிறேன். காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம்.

அந்த ஏழு நாளும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டுப் படுத்தீர்கள். விடிந்ததும் மம்பட்டியும் சட்டியுமாக வரத்துக்காலில் இறங்கினீர்கள். சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டினால் அடுத்த மழைக்குத் தழைத்துவிடும், தூரோடு தோண்டுங்கள் என்று சொல்லித் தந்தவர் அந்த ஊர்ப் பெரியவர். எந்த வகுப்பிலும் நாங்கள் அதை உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

மாலையில் கணக்கெடுப்புப் படிவத்தோடு வீடு வீடாகப் போனீர்கள். திட்ட அலுவலராக நான் கண்ட ஒரு திண்ணையைச் சொல்கிறேன். "முதியோர் பணம் வருதா பாட்டி?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாட்டி உள்ளே போய் மஞ்சப்பையை எடுத்துவந்து கொட்டினார். ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறொரு பெயர். அதனால் மனு திரும்பித் திரும்பி வந்திருந்தது. மாணவி அங்கேயே உட்கார்ந்து புது மனு எழுதினாள். அதைக் கொடுக்க வேண்டிய குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. முகாம் ஞாயிறோடு முடிகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறவேண்டும், நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலியும் போய்விடும். திங்களன்று அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்சியர் அலுவலக வரிசையில் நின்றாள். சேவை என்று நான் மதிப்பது அந்தத் திங்கட்கிழமையைத்தான்.

நிறைவு நாளில் மரக்கன்று நடும் வழக்கத்தில் எனக்கு வருத்தம் உண்டு. மாசியில் நட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். பங்குனி வெயிலில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? ஐப்பசி மழைக்கு முன்னால் போய், ஊற்றுவதற்கு ஆள் இருக்கும் அளவுக்கு மட்டும் நடுங்கள். பத்து போதும்.

நாளை உங்களில் சிலர் தாலுகா அலுவலகத்திலோ வங்கியிலோ மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவீர்கள். பெயர் பொருந்தவில்லை என்று ஒரு மனுவைத் திருப்பும்முன் அந்த மஞ்சப்பை நினைவுக்கு வரவேண்டும். எந்தச் சான்றைச் சேர்த்தால் சரியாகும், அதை எங்கே வாங்கலாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஒரு நிமிட வேலை. ஒருவருடைய ஒருநாள் கூலி மிஞ்சும்.

இன்னொன்று. நீங்கள் எடுத்த கணக்கெடுப்பு கல்லூரி அலமாரியில் இருக்கிறது. எத்தனை வீட்டுக்குக் கழிப்பறை இல்லை, எந்தத் தெருவுக்குக் குடிநீர் வரவில்லை, எல்லாம் அதில் உண்டு. அது அந்த ஊரின் சொத்து. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடவேண்டும். அக்டோபர் 2 அவற்றில் ஒன்று. அதற்கு முன்பாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்காரர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, ஊர்க்காரர்கள் கையில் கொடுங்கள். சபையில் எழுந்து அவர்கள் கேட்கட்டும். கல்லூரி முதல்வர் அவர்களிடம் இதற்கு அனுமதி கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார். பிரதி வேண்டுபவர்கள் விழா முடிந்ததும் நாட்டு நலப்பணித் திட்ட அறைக்கு வாருங்கள், நானும் அங்கேதான் இருப்பேன்.